ஜெர்மன் பாட்டிலில் ஆம்பூர்த் தண்ணீர்

சென்னையிலிருந்து ஆம்பூருக்குப் போக எனக்கு இதுவரை ஒரு காரணமும் வாய்த்ததில்லை. பிரியாணிக்காகக்கூடப் போனதில்லை. போன புதன்கிழமை ஒரு ஷூ கம்பெனி கூப்பிட்டது, போனேன். முப்பது வருடமாக ஜெர்மன் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன் நான். அவ்வப்போது மொழிபெயர்ப்பாளர் வேலையும் வரும். ஜெர்மனியிலிருந்து ஷூ வாங்குகிறவர் ஒருவர் வருகிறார், ஒருநாள் கூடவே இருந்து பேச்சை மாற்றிச் சொல்ல வேண்டும் என்றார்கள். அதோடு பதினாறு பக்கத்தில் ஒரு ஜெர்மன் புத்தகமும் அனுப்பியிருந்தார்கள். அது ஷூவைப் பற்றியது அல்ல, தண்ணீரைப் பற்றியது.

வருகிறவர் பெயர் வேபர். அவர் பிறந்த ஊரில் ஒரு பழைய மினரல் வாட்டர் கம்பெனி இருக்கிறது. இதை எப்படியோ தெரிந்துகொண்ட டைரக்டர், அவரை அசத்துவதற்காக அந்தத் தண்ணீரையே இரண்டு பெட்டி வரவழைத்துவிட்டார். அந்தக் கம்பெனியின் கதையை நான் படித்துவைத்தால் சாப்பாட்டு நேரத்தில் பேச்சுக்கு உதவும் என்று மேனேஜர் போனில் சொன்னார். ரயில் அரக்கோணம் தாண்டுவதற்குள் படித்து முடித்தேன்.

மலையடிவாரத்தில் ஓர் ஊற்று. முதலில் அந்தத் தண்ணீரைச் சுட்ட மண் ஜாடிகளில் அடைத்து, தக்கையால் மூடி, குதிரை வண்டியில் நகரங்களுக்கு அனுப்பினார்கள். பிறகு ரயில் வந்தது, கண்ணாடி பாட்டில் வந்தது, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் காசு கிடைக்கும் வழக்கம் வந்தது. இன்று பச்சை லேபிள் என்றால் கேஸ் அதிகம், நீலம் என்றால் நடுத்தரம், வெள்ளை என்றால் கேஸே கிடையாது. ஆப்பிள் சாறு கலந்தது ஒன்று, எலுமிச்சை கலந்தது ஒன்று, ஓட்டல் மேஜைக்கென்று குட்டி பாட்டில் வேறு. எல்லா லேபிளிலும் கால்சியம் எவ்வளவு, மெக்னீசியம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று அச்சடித்திருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் காட்டின் நடுவே ஒரு வேலி. அந்த வேலிக்குள் தொழிற்சாலை கூடாது, எண்ணெய்த் தொட்டி கூடாது, வயலுக்கு மாட்டுச் சாணம்கூடப் போடக் கூடாதாம். மண்ணுக்குள் போவதெல்லாம் ஒருநாள் பாட்டிலுக்குள் வரும் என்று கீழே எழுதியிருந்தது. நல்ல வரி என்று நினைத்துக்கொண்டு மூடி வைத்தேன்.

காலை 9.10, ஆம்பூர். கம்பெனிக்கு வாடிக்கையாக ஓட்டுகிற டேவிட் என்பவர் ஆட்டோவோடு காத்திருந்தார். ஏழு கிலோமீட்டர், நூற்றெண்பது ரூபாய். பாலாறு ஓரமாகப் போனோம். மணலும் சீமைக்கருவேலமும்தான் இருந்தன, தண்ணீர் இல்லை. தோல் பதனிடும் இடங்களைத் தாண்டும்போது நான் கைக்குட்டையை எடுத்தேன்.

"இன்னா சார், மூக்க மூடிக்கினீங்க? ரெண்டு நாள் இருந்தா பழகிடும்," என்றார் டேவிட்.

திரும்பும்போதும் அவரே வருவாரா என்று கேட்டேன். முடியாது, மூன்று மணிக்குள் வேலூரில் இருக்க வேண்டும் என்றார்.

"எங்க தெரு போர் தண்ணிய டெஸ்ட்டுக்குக் குடுக்கணும் சார். எங்க அண்ணி எஸ்தர் இந்தக் கம்பெனிலதான் ஸ்டிச்சிங். ஆறு மணிக்கு மோட்டார் போட்டப்போ புடிச்சு எடுத்தாந்திருப்பாங்க. நான் அஞ்சுக்கே சவாரிக்கு வந்துட்டேன். லஞ்ச்ல கேட்ல வாங்கிக்கினு கெளம்பணும்."

"இன்றைக்கே கொடுத்தாக வேண்டுமா?"

"இன்னிக்குக் குடுத்தாதான் திங்கக்கெழம கலெக்டராபீஸ் மனுவுக்கு ரிப்போர்ட் கைக்கு வரும். பைப் லைன் பக்கத்துத் தெருவோட நின்னுபோச்சு. மூணு வாட்டி மனு குடுத்தாச்சு. தண்ணி கெட்டுப்போச்சுன்றதுக்கு இன்னா ப்ரூஃப்னு கேக்கறாங்க. ஒரே பேஜார் சார்."

காலை 10.30. ஏசி அறை, நீளமான மேஜை, தட்டில் முந்திரி. நான்கு கண்ணாடி பாட்டில்கள் வரிசையாக நின்றன. விருந்தாளி கை வலிக்கத் திறக்கக் கூடாது என்று ஆபீஸ் உதவியாளர் எல்லா மூடிகளையும் முன்கூட்டியே திறந்து, லேசாக மூடிவைத்திருந்தார். இந்த ஊரில் அதுதான் மரியாதை.

வேபர் பாட்டில்களைப் பார்த்து மனம் குளிர்ந்துபோனார். தன் தாத்தா அந்தக் கம்பெனியில் பாட்டில் கழுவியவர் என்றார். வேலியைப் பற்றியும் அவரே சொன்னார். சிறுவயதில் பந்து உள்ளே விழுந்தால்கூட எடுக்க விடமாட்டார்களாம். நான் தமிழில் சொன்னேன். டைரக்டர், மேனேஜர் இருவரும் ஆகா என்று தலையாட்டினார்கள். அந்த மேஜைமேல் சாம்பிளுக்கு வைத்திருந்த ஷூவுக்கான தோல் நான்கு கிலோமீட்டருக்குள் ஊறி, காய்ந்து வந்தது. அங்கே பந்துக்கும் வேலி இல்லை, கழிவுக்கும் வேலி இல்லை. எனக்கு அப்போதே காது சூடேறியது. ஆனால் நான் கூலிக்கு வந்தவன், வாயை மூடிக்கொண்டேன்.

11.15க்கு வேபர் வெள்ளை லேபிள் பாட்டிலிலிருந்து ஊற்றி ஒரு மடக்கு குடித்தார். முகம் கோணியது. கைக்குட்டையில் துப்பிவிட்டு, பச்சை லேபிள் தண்ணீரை எடுத்துக்கொண்டு வாஷ்பேசினுக்குப் போய் இரண்டு முறை வாய் கொப்பளித்தார். இது எங்கள் ஊர்த் தண்ணீரே இல்லை, ஒரே உப்பு, என்னவோ நாற்றமும் இருக்கிறது என்றார்.

நடந்தது இதுதான். தொழிலாளர்களின் பைகளை கேட்டில் சோதிப்பார்கள். தோல் துண்டு வெளியே போகக் கூடாதே, அதற்காக. பழக்கதோஷத்தில் உள்ளே வரும்போதும் சோதிப்பார்கள். அன்று காலை எஸ்தரின் பையில் ஒரு ஜெர்மன் பாட்டில் இருந்தது. பரிசோதனைக்குக் கண்ணாடி பாட்டில் வேண்டும் என்றதால், முதல் நாள் ஆபீசில் ருசி பார்த்துவிட்டுக் குப்பையில் போட்ட காலி பாட்டிலைக் கழுவி, போர் தண்ணீரைப் பிடித்து வந்திருந்தார். காவலாளிக்கு அது டைரக்டர் அறைச் சரக்கு. திருடியதைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறாள் என்று முடிவுகட்டி, பிடுங்கி ஆபீசுக்கு அனுப்பிவிட்டார். ஆபீசில் அதைப் பத்திரமாக ஃபிரிட்ஜில் வைத்து, மேஜைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

இது தெரிந்ததும் மேனேஜர் எஸ்தரை வரச்சொன்னார். நாற்பது வயதிருக்கும். கையில் பசைக் கறை. அந்தப் பெண்ணைப் பார்த்து மேனேஜர் கேட்ட முதல் கேள்வியை நான் மறக்க மாட்டேன்.

"கெஸ்ட் குடிக்கிற தண்ணியாம்மா இது? அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா ஆர்டர் போய்டும், தெரியுமா?"

"நான் குடுக்கல சார். கேட்ல புடுங்கிக்கினாங்க. போர் தண்ணின்னு சொன்னேன், கேக்கல. இன்னிக்கு டெஸ்ட்டுக்குப் போவணும் சார் அது."

வேபர் என்னைப் பார்த்தார். மேனேஜரும் என்னைப் பார்த்தார். "சார், இதெல்லாம் சொல்ல வேணாம். பழைய பாட்டில், வெயில்ல கெட்டுப்போய்டுச்சுன்னு சொல்லிடுங்க."

நான் சொன்னேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், பிசகில்லாத ஜெர்மன் இலக்கணத்தில் அந்தப் பொய்யைச் சொன்னேன். முப்பது வருடப் படிப்பு அதற்கு உதவியது.

எஸ்தருக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். என்னைத் தாண்டி வேபரிடம் நேராக ஆங்கிலத்தில் பேசினார். லைன் சூபர்வைசரிடமும் ஆடிட்டரிடமும் பேசிப் பழகிய ஆங்கிலம்.

"சார், திஸ் வாட்டர் அவர் ஸ்ட்ரீட் போர் வாட்டர். நாட் கம்பெனி வாட்டர்."

"இதைக் குடிக்கிறீர்களா?" என்று வேபரும் ஆங்கிலத்தில் கேட்டார்.

"எஸ் சார். சில்ட்ரன் கேன் வாட்டர். பிக் பீப்பிள் திஸ் வாட்டர். டெய்லி."

வேபர் என் பக்கம் திரும்பி, நீங்கள் ஏன் வேறு மாதிரி சொன்னீர்கள் என்று ஜெர்மனில் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் உதவியாளர், இருக்கிற அவமானம் போதும் என்று நினைத்தாரோ என்னவோ, மிச்சத் தண்ணீரை வாஷ்பேசினில் கொட்டிவிட்டார். எஸ்தர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு மடக்குக்கு மேல் ஒரு வெள்ளைக்காரர் குடிக்க முடியாத தண்ணீரை வருடக்கணக்காகக் குடிக்கிறவருக்குக் கடைசியில் கிடைத்தது மெமோ. பாட்டிலை அனுமதியில்லாமல் எடுத்ததற்காம். குப்பையிலிருந்து எடுத்ததற்கு என்ன அனுமதி வேண்டும்? கேட்க வேண்டிய நேரத்தில் நான் கேட்கவில்லை, இங்கே கேட்கிறேன்.

இனி ஆங்கிலத்திலேயே பேசிக்கொள்வதாக வேபர் சொல்லிவிட்டார். என் வேலை முடிந்தது. வெளியே வரும்போது எஸ்தர் வழிமறித்தார்.

"சார், அந்தக் காலி பாட்டிலயாவது வாங்கிக் குடுங்க. வேற கண்ணாடி பாட்டில் இல்ல."

உள்ளே போய் யாரையும் கேட்காமல் எடுத்துவந்தேன். கேட்டில் என் பையை யாரும் சோதிக்கவில்லை.

மதியம் 12.20. கேட்டில் காத்திருந்த டேவிட்டோடு அந்தத் தெருவுக்குப் போனேன். கம்பெனியிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். காலையில் மட்டும் ஓடுகிற மோட்டாரை இந்நேரத்தில் போட ஆபரேட்டர் முணுமுணுத்தார். டேவிட் கையெடுத்துக் கும்பிட்ட பிறகு போட்டார். பத்து நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை மூன்று முறை அலசிப் பிடித்தோம். பார்வைக்குத் தெளிந்த தண்ணீர். விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். வேபர் நடிக்கவில்லை.

பகல் 2.35, வேலூர். ஐம்பது கிலோமீட்டரை லாரிகளுக்கு நடுவில் ஆட்டோவிலேயே கடந்தோம். பாட்டிலை நான் மடியில் வைத்திருந்தேன். பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னா, ஜெர்மன் தண்ணியா?" என்றார். லேபிளைக் கிழிக்கச் சொன்னார். கால்சியம், மெக்னீசியம் எல்லாம் டேவிட்டின் நகத்தில் சுருண்டு வந்தன. அந்த இடத்தில் ஒரு எண் ஒட்டினார்கள். டேவிட்டின் கையெல்லாம் லேபிள் பசை ஒட்டியிருந்ததால் படிவத்தை நான் நிரப்பினேன். பயன்பாடு என்று ஒரு கட்டம். குடிநீர், இதர உபயோகம் என்று இரண்டு பிரிவு.

பரிசோதனைக் கூடத்துக்காரர் மூடியைத் திறந்து முகர்ந்தார். "இதரன்னு போடுங்க சார். இத எவன் குடிப்பான்?"

டேவிட் என்னைப் பார்த்தார். காலையில் அவருடைய அண்ணி பார்த்த அதே பார்வை.

குடிநீர் என்ற கட்டத்தில் அழுத்திக் குறியிட்டேன். பக்கத்தில் குறிப்புக்கு விட்டிருந்த இடத்தில் 'தினமும்' என்று எழுதினேன். அன்று முழுவதும் நான் ஒழுங்காக மொழிபெயர்த்தது அந்த ஒரு சொல்லைத்தான்.