சந்தனத்துக்கு அடியில் இருந்த எண்

மண்ணெண்ணெய்த் துணியால் காய்ந்த சந்தனத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண் தெரிந்தது. முப்பத்தொன்று. இரும்பில் சின்னதாக, ஆனால் ஆழமாகக் குத்தப்பட்டிருந்தது. நான் பாட்டுக்கு அடுத்த பொட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் சற்று முன்புதான் மெஷினின் தலைப் பக்கத்துப் பொட்டைத் துடைத்திருந்தேன். அங்கே முப்பத்தேழு என்று இருந்தது. ஒரே மெஷினுக்கு எதற்கு இரண்டு எண்? கையில் துணியோடு அப்படியே நின்றேன். தலைக்குள் ஒரு மணி அடித்தது. அந்த மணிச் சத்தத்தை அதற்குப் பிறகு பரீட்சை எழுதும்போதுகூட நான் கேட்டதில்லை.

எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பாவும் அம்மாவும் கூமாப்பட்டியில் வயலைப் பார்த்துக்கொண்டிருந்ததால், என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளி விடுதியில் சேர்த்திருந்தார்கள். முதல் பாரம், இப்போதைய ஆறாம் வகுப்பு. சனிக்கிழமை காலையில் ரயிலேறி ராஜபாளையத்தில் மாமா வீட்டுக்கு வந்துவிடுவேன். வீட்டை ஒட்டியே மாமாவின் பட்டறை. கவலை இறைக்கும் சால், கலப்பை, வண்டி அச்சு என்று உலையும் சுத்தியலுமாக நடந்துகொண்டிருந்த பட்டறைக்கு அந்த வருஷம்தான் ஒரு லேத்து வந்தது. இரும்புத் தண்டை ஒரு பக்கம் தலையிலும் மறு பக்கம் வாலிலும் மாட்டிச் சுழலவிட்டு, சீவிச் சீவி உருட்டையாக்கும் கடைசல் மெஷின். வாலுக்கு இங்கிலீஷில் வேறு பெயர் உண்டு. பட்டறையில் எல்லாருக்கும் அது வால்தான்.

பஞ்சு பிரிக்கும் ஜின்னிங் பாக்டரி முதலாளி, புதுப் பருத்தி வந்து இறங்குவதற்குள் தன் ரோலர்களுக்கு ஆறு தண்டு கடைந்து தரும்படி மாமாவிடம் சொல்லியிருந்தார். தண்டு நன்றாக இருந்தால் பாக்டரி வேலை முழுவதும் மாமாவுக்கு. இல்லாவிட்டால் வழக்கம்போல மதுரைக்கு. இதை நம்பித்தான் மாமா லேத்தே வாங்கினார்.

முதல் தண்டை இறக்கிப் பருமன் அளக்கும் காலிப்பரை வைத்துப் பார்த்தால் ஒரு முனையைவிட மறு முனை அரை நூல் பருமன். இரண்டாவதும் அப்படி. மூன்றாவதும் அப்படியேதான். வாலுக்கு அடியில் தகடு கொடுத்துப் பார்த்தார், காகிதம் மடித்து வைத்துப் பார்த்தார். வாலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தித் திருத்துகிற வசதி அந்தச் சின்ன மெஷினில் கிடையாது. கடைந்த தண்டுகள் எல்லாம் முருங்கைக்காய் மாதிரி மூலையில் சாய்ந்து நின்றன.

கம்பெனிக்கு எழுத வேண்டியதாயிற்று. வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் நான்தான். ‘ஐயா, தங்கள் மெஷின் கோணலாகக் கடைகிறது’ என்பதை வாத்தியாரம்மா சொல்லிக்கொடுத்த அத்தனை மரியாதையோடும் எழுதி அனுப்பினேன். எட்டாம் நாள் ஒரு கார்டு வந்தது. அச்சடித்த கார்டு, தேதிக்கு மட்டும் இடம் விட்டு மையால் நிரப்பியிருந்தார்கள். தங்கள் கடிதம் கிடைத்தது, கவனிக்கப்படுகிறது. நான் அதைப் பெரிய வெற்றி என்று நினைத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்தேன். இரண்டாவது கடிதத்துக்கும் அதே கார்டு வந்தது. நாலாவது கார்டு வந்தபோது சுவரில் இடம் இருந்தது, எனக்குத்தான் ஒட்ட மனமில்லை.

கடைசியில் ஒரு நாள், வேறு வேலையாக இந்தப் பக்கம் வந்த கம்பெனி ஏஜெண்டு பட்டறைக்குள் எட்டிப்பார்த்தார். மதுரைக்காரர், கோட்டுக்கு மேல் அங்கவஸ்திரம். கோணல் தண்டுகளை அவர் தொடக்கூட இல்லை. மெஷினைச் சுற்றிவந்து சந்தனப் பொட்டுகளையே பார்த்தார்.

“பூசை போட்டது யாரு?” என்றார்.

மெஷின் வந்த அன்று தேங்காய் உடைத்தது மாமா. நானே வைக்கேன் என்று சந்தனக் கிண்ணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது அத்தை. அத்தைக்கு அந்தப் பழக்கம் புதிது. எங்களோடு கோயிலுக்கும் வருவாள். அவள் டிரங்குப் பெட்டியின் அடியில் கறுப்பு அட்டை போட்ட வேதப் புத்தகமும் இருக்கும். எல்லா அத்தைமாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எம்புட்டு வைக்க வேண்டும் என்று தெரியாமல், எலுமிச்சங்காய் பருமனுக்கு எடுத்து எடுத்து அப்பிவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

இது நுட்பமான மெஷின், சந்தனம் உள்ளே இறங்கிப் பிடித்துக்கொண்டது, இதற்கெல்லாம் கம்பெனி பொறுப்பில்லை என்று ஏஜெண்டு சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இதே மெஷின் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஓடுகிறது என்றும், போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

மாமா அத்தையை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அத்தை உள்ளே போய் மண்ணெண்ணெயும் பழந்துணியும் எடுத்துவந்து மெஷின் முன்னால் குத்தவைத்துத் துடைக்க ஆரம்பித்தாள். அவள் கையிலிருந்து துணியைப் பிடுங்கி நான் துடைத்தபோதுதான் முப்பத்தொன்று தெரிந்தது.

“நம்பர்ல என்னட்டி இருக்கு?” என்றுதான் மாமா முதலில் கேட்டார். பிறகு விரலால் தடவிப் பார்த்தார். தலை, அடிப்படுக்கை, நடுவில் ஓடும் சட்டம், எல்லாவற்றிலும் தேடினோம். எல்லாம் முப்பத்தேழு. வால் மட்டும் முப்பத்தொன்று. தலையையும் வாலையும் ஒன்றோடொன்று பொருத்தி வைத்துத்தான் துளை போடுவார்கள், வேறு வாலை மாட்டினால் நேர் நிற்காது என்று மாமா மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் கரிக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

உடனே கம்பெனிக்கு எழுதினேன். ஐந்தாவது கார்டு வந்தது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எங்கள் மெஷினில் முப்பத்தொன்றின் வால் இருந்தால், எங்கள் வால் முப்பத்தொன்றிடம்தானே இருக்க வேண்டும்? அந்தச் சனிக்கிழமை சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் இதைச் சத்தமாகக் கேட்டேன். முப்பத்தொன்றாம் மெஷின் எந்த ஊரில் இருக்கும்?

மாமா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். ரசத்தை ஊற்ற வந்த அத்தைதான் சொன்னாள்.

“ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க அண்ணன் பட்டறையில இருக்கும், உன் பள்ளிக்கூடத்துக்கு நாலு தெரு தள்ளி. ரெண்டும் ஒரே வேகன்லதான வந்துச்சு.”

மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அத்தைக்கு ஓர் அண்ணன் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முறைக்கு எனக்குப் பெரியப்பா ஆகிறவர், பள்ளிக்கூடத்திலிருந்து நாலு தெரு தள்ளி இத்தனை நாளாக இருந்திருக்கிறார், ஒருவரும் சொல்லவில்லையே என்று கோபம் வந்தது. மெஷின் விஷயத்தில் இது எவ்வளவு பயன்பட்டிருக்கும்!

திங்கட்கிழமை சாப்பாட்டு மணி அடித்ததும் ஒரே ஓட்டமாக ஓடினேன். அந்தப் பட்டறைச் சுவரில் சாமி படம் எதுவும் இல்லை, வேத வசனம் போட்ட காலண்டர் மட்டும் தொங்கியது. நடுவில் எங்கள் மெஷினின் கூடப்பிறந்தது நின்றது, ஒரு பொட்டுகூட இல்லாமல், துடைத்த பாத்திரம் மாதிரி. மூலையில் கோணல் தண்டுகள் சாய்ந்து நின்றன. அவற்றைப் பார்த்ததும் எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

உயரமான ஒருவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, யாரு பிள்ளை என்று கேட்டார். சொன்னேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அவ நல்லாருக்காளா?” என்றார்.

“நல்லாருக்காவ. உங்க வால்ல என்ன நம்பர்னு பாருங்க” என்றேன். எனக்கு இரண்டாம் மணி அடிப்பதற்குள் திரும்ப வேண்டும்.

பார்த்தார். முப்பத்தேழு.

அவருக்கும் சுவர் நிறைய ஒட்டும் அளவுக்குக் கார்டு வந்திருந்தது. ஏஜெண்டும் வந்திருக்கிறார். என்ன சொன்னார் என்று கேட்டேன். பெரியப்பா முதலில் தயங்கினார், பிறகு சொன்னார். ராஜபாளையத்தில் முறையாகப் பூசை போட்டு ஆரம்பித்தார்கள், அங்கே மெஷின் வெண்ணெயாக ஓடுகிறது. நீங்கள் சும்மா ஓட்டிவிட்டீர்கள், அதனால்தான் இப்படி என்றாராம். அங்கே நன்றாக ஓடுகிறது என்று கேட்ட பிறகு, இங்கே ஓடவில்லை என்று வாயைத் திறந்து யாரிடம் சொல்வது என்று இருந்துவிட்டாராம்.

எனக்கு ஒரே வியப்பு. ஏழு மைல் தூரத்தில் இரண்டு பேர் ஒரே கோணல் தண்டை வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒளித்துவைத்திருக்கிறார்கள். ஒரு தடவை பேசியிருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்குமே!

அடுத்த சனிக்கிழமை நான் ரயிலில் வரவில்லை. சாக்கில் சுற்றிய வாலோடு, பெரியப்பா ஓட்டிய மாட்டுவண்டியில் வந்தேன். பட்டறை வாசலில் வண்டி நின்றது. அவர் இறங்கவில்லை. உள்ளே மாமா நின்றார், வெளியே வரவில்லை. புறவாசல் கதவுக்குப் பின்னால் அத்தையின் சேலைத் தலைப்பு தெரிந்தது. மாடு மட்டும் தலையை ஆட்டி மணியடித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. வால் வந்திருக்கு, தூக்க ஆள் வேணும் என்று கத்தினேன். அது ஒருவரால் தூக்க முடியாத கனம். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தார்கள்.

அதற்குப் பிறகும் பேச்சு என் வழியாகத்தான். இரண்டு அடி இடைவெளியில் நின்றுகொண்டு, “உன் பெரியப்பாட்ட கேளு, அந்தப் பெரிய ஸ்பானரு வேணுமான்னு” என்பார் மாமா. “வேணும்னு சொல்லு” என்பார் அவர். நான் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குக் கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். பழைய வால் இறங்கி, முப்பத்தேழு ஏறியது. என்ஜினை முடுக்கினார்கள். புதுத் தண்டில் மூன்றாம் சீவல் ஓடும்போது மாமா வேலையிலேயே கவனமாக, “வேகத்தைக் குறைக்கவா?” என்று நேராகவே கேட்டுவிட்டார்.

“குறைச்சா பெல்ட்டு வழுக்கும் மாப்பிள்ளை” என்றார் பெரியப்பா.

நான் யாரையும் பார்க்கவில்லை. காலிப்பரை இந்த முனையில் வைத்தேன். பிறகு அந்த முனையில். மயிரிழை வித்தியாசம் இல்லை. பட்டறையைச் சுற்றி மூன்று தரம் ஓடினேன்.

ஆறு தண்டும் பருத்தி வருவதற்கு ஐந்து நாள் முன்பே பாக்டரிக்குப் போய்ச் சேர்ந்தன. முதலாளி உருட்டிப் பார்த்துவிட்டு, மதுரைக்குப் போக இருந்த வேலையையும் மாமாவிடமே அனுப்பினார். ஆனால் எனக்குத் திருப்தியில்லை. புகார்க் கடிதத்துக்குக் கார்டுதான் வரும், விலை கேட்டால் ஆளே வருவார் என்று எனக்குத் தோன்றியது. இன்னொரு மெஷினுக்கு விலை என்ன, ஆளை அனுப்பவும் என்று எழுதினேன். அது பொய்யாகாதா என்று அத்தை கவலைப்பட்டாள். விலை கேட்பது பொய்யில்லை என்று பெரியப்பா தீர்ப்புச் சொன்னார்.

நாலாம் நாள், சொல்லிவைத்த மாதிரி ஒரு சனிக்கிழமை, ஏஜெண்டு கக்கத்தில் மெஷின் படம் போட்ட புதுக் காட்லாக்குகளோடு வந்து இறங்கினார். மாமாவைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் பெரியப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. பெரியப்பா எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டார், காப்பி வரவழைத்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்து ரொம்பப் பணிவாகக் கேட்டார்.

“ஒரு சந்தேகம். மெஷின் கெட்டது சந்தனம் வச்சதாலயா, வைக்காததாலயா?”

மாமாவுக்குச் சிரிப்பு தாங்காமல் இருமல் வந்துவிட்டது. ஏஜெண்டு காட்லாக்கைப் புரட்டினார், மூடினார், கோட்டுப் பொத்தானைத் திருகினார். மாமா இருமலை அடக்கிக்கொண்டு, எங்ககிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம், உள்ள இருக்காள்ல, அவகிட்டச் சொல்லும் என்றார். அத்தை நிலைப்படிக்கு வந்து நின்றாள். சந்தனத்தால் ஒன்றுமில்லை அம்மா, வாலை மாற்றி அனுப்பியது எங்கள் தப்பு என்று அந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதையே இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். பிழை இருக்கிறதா என்று நான்தான் பார்த்துக் கொடுத்தேன். ஒரு பிழை இருந்தது.

போகும்போது, மெஷின் நன்றாக ஓடுகிறது என்று கம்பெனிக்கு ஒரு நற்சாட்சிக் கடிதம் தர முடியுமா என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்து ஒரு கார்டைக் கிழித்து நீட்டினேன். தங்கள் கடிதம் கிடைத்தது, கவனிக்கப்படுகிறது.

அவர் தெருமுனை திரும்பும்வரை அடக்கிவைத்திருந்து, பிறகு எல்லாரும் சிரித்தோம். அத்தை உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். ஆனால் அண்ணனைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. “ஏன் நிறுத்திட்ட? வை” என்றார் அவர். இந்தத் தடவை சின்னப் பொட்டாக, எண்ணை மறைக்காமல், பக்கத்தில் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. மண்ணெண்ணெய் நெடியா அத்தை என்று கேட்டேன். ஆமா ஆமா என்றாள். அன்றைக்குப் பட்டறையில் யாரும் மண்ணெண்ணெயைத் திறக்கவே இல்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

அப்புறம் மாமாவும் பெரியப்பாவும் கரிக்கட்டியால் தரையில் கோடு போட ஆரம்பித்தார்கள். இதைப் போல ஒரு லேத்தை நாமே செய்தால் என்ன? தலை ராஜபாளையத்தில், வால் ஸ்ரீவில்லிபுத்தூரில். வாரம் ஒரு தடவை இவர் அங்கே போவது, அடுத்த வாரம் அவர் இங்கே வருவது, அளவுகளை ஒத்துப்பார்ப்பது. வருகிறவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அத்தை இடையில் ஒரு நிபந்தனை போட்டாள். முதல் மெஷினுக்கு ஒன்று என்று எண் குத்துகிற வேலை எனக்கு.

எனக்கு அந்த ஏற்பாடு முட்டாள்தனமாகப் பட்டது. தலையையும் வாலையும் ஒரே இடத்தில் வைத்துச் செய்தால்தானே பொருந்தும்? வால் மாறிப்போய் இத்தனை பாடு பட்ட பிறகுமா? ஒரே பட்டறையில் முடிந்துவிடுகிற வேலைக்கு ஏழு மைல் எதற்கு அலைய வேண்டும் என்று விளக்கமாக எடுத்துச் சொன்னேன். மூன்று பேரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு, அடுத்த சனிக்கிழமை யார் யார் வீட்டுக்குப் போவது என்று பேச ஆரம்பித்தார்கள்.