ஒப்பாரிக்காரியிடம் பாடம் கேட்ட மாஸ்டர்

நாகலெட்சுமியைத் துக்க வீட்டுக்குத்தான் கூப்பிடுவார்கள். திம்புள்ளைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில், மூன்று டிவிஷன்களில் யார் கண்ணை மூடினாலும் முதலில் அவள் இருக்கும் லயத்து வரிசை வீட்டுக்குத்தான் ஆள் வரும். தலைமாட்டில் உட்கார்ந்து அவள் ஒப்பாரி எடுத்தால் கல்லும் கரையும் என்பார்கள். புருஷன் போன பிறகு வேறு எதற்கும் அவளை யாரும் அழைத்ததில்லை. கல்யாணம், சடங்கு என்றால், "அக்கா, சாப்பாடு குடுத்தனுப்புறோம்" என்று நயமாகச் சொல்லிவிடுவார்கள். அவளும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. தன் தொண்டையில் இருப்பது சாவுக்கான குரல் என்றே நம்பிவிட்டாள்.

பத்து வருஷத்துக்கு முன்பு கீழ் டிவிஷனில் ஒரு பெரியவர் தவறிப்போனார். தோட்டப் பள்ளிக்கூடத்துச் சங்கீத மாஸ்டர் இக்னேசியஸ் மாலையோடு வந்தார். மாலையைப் போட்டதும் போகவேண்டியவர், முற்றத்து மழையில் குடையைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் நின்றார். உள்ளே நாகலெட்சுமி பாடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அவள் லயத்துக்கு வந்தார். கூடவே மனைவி மார்கிரட்டும் வந்திருந்தார்.

"அம்மா, அன்னைக்கு நீங்க பாடுனீங்களே, அத எனக்குச் சொல்லிக் குடுப்பீங்களா?"

நாகலெட்சுமி அடுத்த வீட்டு வாசலைப் பார்த்தாள். "வீட்டுக்குள்ள அதெல்லாம் வாயெடுக்கக் கூடாதுங்க மாஸ்டர். பிள்ளைகுட்டி இருக்கிற லயம்."

"அப்ப வேற எங்கயாவது?"

அவள் யோசித்தாள். "ஞாயித்துக்கிழமை மடுவத்துல யாரும் இருக்க மாட்டாங்க."

கொழுந்து நிறுக்கும் அந்த மடுவத்தில்தான் பாடம் தொடங்கியது. மாஸ்டர் ஆர்மோனியப் பெட்டியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, சாக்கில் போட்டுத் தோளில் தூக்கி வருவார். பனிக்குக் கட்டைகள் ஊறி இறுகிவிடும் என்பதால் வந்ததும் மார்கிரட் ஒரு சட்டியில் தணல் போட்டு அதன் பக்கத்தில் பெட்டியை வைப்பார். அது சூடேறும் வரைக்கும் மூன்று பேரும் பிளேன்டீ குடித்துக்கொண்டு கதைத்திருப்பார்கள். மாஸ்டருடைய கதை நாகலெட்சுமிக்குத் தெரிந்தது அந்த நேரத்தில்தான்.

நோர்வூட் பக்கம் லயத்தில் பிறந்தவர். அப்பா தேயிலை பெக்டரியில் வேலை. மாதா கோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்த உபதேசியார்தான் அவருக்குச் சுரம் காட்டியவர். பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியராகப் பன்னிரண்டு வருஷம். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தேறாததால் நிரந்தர நியமனம் கிடைக்கவில்லை. முப்பத்தேழு வயதில், தான் படிப்பித்த பிள்ளைகளோடு அதே மண்டபத்தில் உட்கார்ந்து கணிதப் பரீட்சை எழுதினாராம்.

"எனக்குப் பின் கதிரையில தனுஜான்னு ஒரு பிள்ள. 'சேர், பயப்படாம எழுதுங்க'ன்னு சொல்லிச்சு," என்று மாஸ்டர் சொல்ல, மார்கிரட் சிரித்தார்.

"பெறுபேறு வந்த அன்னைக்கு அந்தப் பிள்ளைக்கு ஏ. இவருக்கு எஸ், மட்டுமட்டாப் பாஸ். ஆனா எங்க லயத்துல பட்டாசு வெடிச்சது இவருக்குத்தான்."

நாகலெட்சுமி ஒரு வரி பாடுவாள். மாஸ்டர் கட்டைகளில் அதைத் தேடுவார். "இன்னொருக்கா" என்பார். அவர் கொப்பியில் எழுதுவதும் அடிப்பதுமாக நாலு ஞாயிறு போனது. அவ்வளவு படித்த மனிதர் தன்னிடம் கைகட்டிப் பாடம் கேட்பது அவளுக்குக் கூச்சமாகவே இருந்தது. ஐந்தாவது ஞாயிறு அவர், "அம்மா, இப்ப நீங்க பாட வேணாம், கேளுங்க" என்று சொல்லிவிட்டு, வார்த்தை இல்லாமல் மெட்டை மட்டும் மெதுவாக வாசித்தார்.

நாகலெட்சுமி அசையாமல் கேட்டாள். அது தன்னுடைய மெட்டுதான். ஆனால் அதில் சாவு இல்லை. மூத்த மகள் சுதர்ஷினியைக் கால்மேல் போட்டுத் தூங்க வைத்த நாட்கள் ஞாபகம் வந்தன.

"இது தாலாட்டு மாதிரியில்ல இருக்கு," என்றாள்.

"எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. வார்த்தைய நீங்க மாத்திப் போடுங்கம்மா. வலய சங்கீதப் போட்டிக்கு எங்க பிள்ளைங்க பாடட்டும்."

மலையில் கொழுந்து எடுக்கும்போதெல்லாம் அவள் வாய்க்குள் வார்த்தைகளைப் போட்டுப் பார்த்தாள். ஒரு வாரத்தில் பாட்டு வந்துவிட்டது.

*மூடுபனி விலகுதடி, மொட்டுக் கண்ணைத் திறந்துக்கடி,*
*கூடையிலே கொழுந்தோட கொஞ்சம் வெயில் கொண்டாறேன்.*

பிள்ளைகள் பாடிப் பழக ஆரம்பித்ததும் பேச்சு கிளம்பியது. இழவு மெட்டைப் பச்சைப் பிள்ளைகள் வாயில் போடுகிறார்கள் என்றார்கள். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்கார மாஸ்டருக்கு நம் சாத்திரம் எப்படித் தெரியும் என்றார்கள். தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர் அழகன் கூட்டம் கூட்டினார். மாஸ்டரும் நாகலெட்சுமியும் அங்கே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். அழகன் விளக்கம் கேட்டதும் மாஸ்டர் எழுந்தார்.

"ஐயா, நீங்க சந்தேகப்படறது நியாயந்தான். ஒரு தரம் கேட்டுப் பாருங்க. பிள்ளைங்களுக்கு ஆகாதுன்னு பட்டுச்சுன்னா நாளைக்கே விட்டுடறேன்."

"யார் பாடறது?" என்றார் அழகன்.

மாஸ்டர் நாகலெட்சுமியைப் பார்த்தார். பாடுங்கள் என்று சொல்லவில்லை. அவளாகத்தான் எழுந்தாள். சாவு வீடு இல்லாத ஓர் இடத்தில், உயிரோடு இருக்கும் இத்தனை மனிதர்கள் முகத்தைப் பார்த்து அவள் பாடியது அதுதான் முதல் தடவை. முதல் வரியில் குரல் உடைந்தது. மாஸ்டர் தரையைப் பார்த்தபடி விரலால் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து இரண்டாவது வரியைப் பிடித்துக்கொண்டாள்.

முடிந்ததும் அழகன் துண்டை உதறித் தோளில் போட்டார். "வார்த்தை கட்டுனது யாரு?"

"நாந்தாங்க."

"நல்லாத்தான் இருக்கு. பிள்ளைங்க பாடட்டும்."

போட்டி ஹட்டனில் நடந்தது. பிள்ளைகளோடு நாகலெட்சுமியையும் வேனில் ஏற்றிக்கொண்டார் மாஸ்டர். மண்டபத்தில் கடைசி வரிசையில் அவள் உட்கார்ந்ததும் மார்கிரட் நிகழ்ச்சித் தாளைக் கையில் கொடுத்து ஓர் இடத்தைக் காட்டினார். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நாகலெட்சுமி. எழுத்துக் கூட்டி வாசித்தாள். பாடலும் பயிற்சியும்: க. நாகலெட்சுமி. திரும்பத் திரும்ப வாசித்தாள். மாஸ்டர் பெயர் ஆர்மோனியம் என்ற இடத்தில் மட்டும் இருந்தது.

பிள்ளைகளுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. நடுவர் ஒருவர் இந்த மெட்டு எங்கே பிடித்தது என்று கேட்டபோது மாஸ்டர் பின்னால் திரும்பி, "எங்க டீச்சர் அங்க இருக்காங்க, அவங்களயே கேளுங்க" என்றார்.

அந்த வார்த்தை வேனை விட வேகமாகத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அழகன் வீட்டுப் பேத்திக்குத் தொட்டில் போட்டபோது அவரே நேரில் வந்து வெற்றிலை வைத்து நாகலெட்சுமியை அழைத்தார். அவள் தயங்கினாள். "நான் வரலாமா தலைவரே?" என்று கேட்டாள். "நீ வராம யாரு பாடறது?" என்றார் அவர். அதற்குப் பிறகு அவள் கால் படாத தொட்டில் வீடு அந்தத் தோட்டத்தில் கிடையாது. துக்க வீடுகளுக்கும் போனாள். இரண்டுக்கும் போக ஒரே தொண்டை போதும் என்று இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது.

மாஸ்டருக்குக் கடைசி இரண்டு வருஷம் சிறுநீரகக் கோளாறு. போன தை மாதம் நோர்வூட் வீட்டில் இறந்துபோனார். வயது ஐம்பத்தெட்டு. நாகலெட்சுமியும் பதினொரு பெண்களும் பஸ் பிடித்துப் போனார்கள். அங்கே ஒரு பெண் காதோடு, "அக்கா, நீங்க ஒரு பாட்டு எடுங்க" என்றாள். நாகலெட்சுமி சவப்பெட்டியருகே போய் நின்றாள். எவ்வளவு முயன்றும் தொண்டை திறக்கவில்லை. மார்கிரட் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். சவ அடக்கம் முடியும் வரை அந்தக் கையை விடவில்லை.

முப்பதாம் நாள் பள்ளிக்கூடத்தில் நினைவுக்கூட்டம். பள்ளி அதிபர் ஜெயகாந்தன், மாஸ்டரிடம் படித்தவர். ஒலிவாங்கியை நாகலெட்சுமி கையில் கொடுத்தார். அவள் அதை இரு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அந்தப் போட்டிக்கு முன்னால எம்பேர அச்சுல நான் பாத்தது ஐடி கார்டுல மட்டுந்தாங்க. மாஸ்டர்தான் அத பாட்டுக்குப் பக்கத்துல போட வச்சாரு. அவரு நெனச்சிருந்தா அவரு பேரப் போட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க, நானும் கேட்டிருக்க மாட்டேன். அவரு நல்லா இருக்கணும், எங்க இருந்தாலும். அவ்வளவுதாங்க."

கூட்டம் கலைந்ததும் மார்கிரட் எல்லோருக்கும் ரொட்டியும் சம்பலும் கொடுத்தார். மகள் சுதர்ஷினிக்கு இது எட்டாம் மாதம், நானுஓயாவில் கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்கிறாள் என்று நாகலெட்சுமி சொன்னாள்.

"தொட்டில் போடறப்ப சொல்லியனுப்பு. நானும் வரேன்," என்றார் மார்கிரட்.

"நீங்க வந்தாத்தான் தொட்டிலே கட்டுவோம்," என்று சொல்லிவிட்டு, நாகலெட்சுமி மற்றப் பெண்களோடு லயத்துக்கு இறங்கி நடந்தாள்.