தேவன் விழுந்த டேக்

1. பந்து ஒட்டிய சட்டை

தேவன் முதல் நாள் வேலைக்கு வந்தபோது பார்சல் கம்பெனி சட்டையோடுதான் வந்தான். காலையில் பீடோங் பக்கம் பார்சல் போட்டு முடித்துவிட்டு, மோட்டார் சைக்கிளை எங்கள் ஸ்டுடியோ வாசலில் நிறுத்தினான். ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில் ஒரு பழைய மரச்சாமான் கிடங்கு. சுற்றிலும் கேமரா, நடுவில் வெறும் சிமெண்டுத் தரை, ஒரு மூலையில் என் கம்ப்யூட்டர். அவ்வளவுதான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக வேலையைச் சொல்லிவிடுகிறேன். வீடியோ கேமில் ஒருவன் சுவர் ஏறுகிறான், கூரைக்குக் கூரை தாவுகிறான் என்றால், பெரும்பாலும் எங்கேயோ ஒரு நிஜ ஆள் அதைச் செய்திருக்கிறான். உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை, அதில் கோலிக்குண்டு அளவில் வெள்ளைப் பந்துகள். அவற்றுக்கு மார்க்கர் என்று பெயர். கேமரா அந்தப் பந்துகளை மட்டும்தான் பார்க்கும். முகம் பதியாது, வியர்வை பதியாது. என் திரைக்கு வருவது குச்சி குச்சியாக ஓர் எலும்புக்கூடு. அதன் கை நடுங்கினால், கால் தரைக்குள் புதைந்தால் சரிசெய்வது க்ளீனப். அது என் வேலை. அதற்கு முன்பு கூலிமில் ஒரு கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், பூதக்கண்ணாடி வைத்து சிப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். சின்னப் பிசகு கண்ணில் படுவது அங்கே பழகியது.

தேவன் அந்த உடையைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தான்.

"அக்கா, இதப் போட்டுக்கிட்டுப் பார்சல் கொண்டுபோனா ஒருத்தரும் கதவத் தெறக்க மாட்டாங்க லா."

அவன் எங்கேயும் போய்ப் படித்து வந்தவன் இல்லை. சின்ன வயதில் ரப்பர்த் தோட்டத்துப் பழைய புகைவீட்டுச் சுவரில் தாவியவன். பிறகு டவுனில் கட்டுமானம் பாதியில் நின்றுபோன கடைவீடுகளில் கூட்டாளிகளோடு தாவியவன். ஆனால் தாவுவதற்கு முன் ஒவ்வொரு இடத்தையும் கையால் தட்டிப் பார்ப்பான். அதைப் பார்த்த பிறகு எனக்கு அவன்மேல் நம்பிக்கை வந்தது.

2. விளையாடிப் பார்க்கச் சொன்ன கேம்கள்

எங்களுக்கு வேலை கொடுத்தது ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. சுவரும் கூரையும் தாவி ஓடும் பார்க்கூர், ஃப்ரீ ரன்னிங்தான் அவர்கள் கேமுக்கு உயிர். ஷூட்டிங்குக்கு முன்பு சில கேம்களை அனுப்பி, விளையாடிப் பாருங்கள் என்றார்கள். தேவனும் நானும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் விளையாடினோம்.

இந்த வகையில் எதை விளையாடலாம் என்று இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். பெயரைச் சொல்வதைவிட, என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். ஓடுகிறவனின் கண் வழியாகவே காட்டும் கேம் ஒன்று இருந்தது. நம் கையும் காலும் மட்டும் தெரியும். தேவன் அதை விளையாடிவிட்டு, "இதச் செஞ்சவன் நெஜமா ஓடியிருக்கான்கா. கால் ஊன்றப்ப மூச்சு வெளிய போவுது, கேளுங்க" என்றான். பழைய காலத்து நகரத்தில் கோபுரம் கோபுரமாக ஏறுகிற கேம் பார்க்க ரொம்ப அழகு. ஆனால் ஒரே பட்டனை அழுத்திப் பிடித்தால் போதும், ஏறிவிடுவான். "இவனுக்குக் கையே வலிக்காதா?" என்று கேட்டான் தேவன்.

அவனுக்குப் பிடித்தது பக்கவாட்டில் ஓடும் ஒரு சின்ன கேம். படம் சாதாரணம்தான். ஆனால் ஓட்டத்தின் தாளம் ஒருமுறை தப்பினால் அடுத்த தாவல் கிடைக்காது.

"இதுலதான்கா பயம் இருக்கு. பயம் இல்லாம ஒருத்தனும் தாவ மாட்டான்."

நான் யாருக்குச் சிபாரிசு செய்தாலும் அந்த மாதிரி கேமைத்தான் முதலில் சொல்வேன்.

3. ஒரே டேக்

ஷூட்டிங்கில் ஒருநாள் கிளையண்ட் ஆட்கள் வீடியோ காலில் இருந்தார்கள். ஒரு சாரத்திலிருந்து எதிரில் இருக்கும் சாரத்துக்குத் தாவி, பலகை விளிம்பைக் கையால் பிடித்துத் தொங்க வேண்டும். ஒரு மாடி உயரம் இருக்கும். கீழே இரண்டு பெரிய மெத்தை. ஒவ்வொரு முறை ஆள் குதிக்கும்போதும் மெத்தை கொஞ்சம் கொஞ்சமாக விலகும். அதைச் சேர்த்து வைப்பது மணி அண்ணன். அவரை எங்கள் முதலாளி முகுந்தன் சாப்பாடு வாங்கி வர அனுப்பிவிட்டார்.

"முகு, மெத்த ரெண்டும் வெலகிக் கெடக்கு. மணி அண்ணன் வந்துரட்டும்" என்றேன்.

"அக்கா, அங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. ஒரே டேக். அவன் புடிச்சிருவான் லா."

"தேவா, வேணாம்பா. எறங்கு."

தேவன் என்னைப் பார்க்கவில்லை, முகுந்தனைப் பார்த்தான். முகுந்தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"பரவால்லக்கா. முடிச்சிட்டுச் சாப்பிடலாம்."

நான் எழுந்து மெத்தைப் பக்கம் நடந்தேன். நடந்துகொண்டிருக்கும்போதே முகுந்தன் "ஆக்‌ஷன்" என்றார்.

தாவல் சுத்தமாக இருந்தது. கை பலகையைத் தொட்டது. தொட்ட கை வழுக்கியது. இரண்டு மெத்தைக்கும் நடுவில், முதுகு சிமெண்டில் படும்படி விழுந்தான். அவன் கத்தவில்லை. நான் ஓடிப் போய் அவன் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, என் காலு எங்க இருக்கு?" என்று கேட்டான்.

கால் நேராக, அவன் கண்ணெதிரேதான் இருந்தது.

ரெக்கார்டிங்கை யாரும் நிறுத்தவில்லை. என் திரையில் எலும்புக்கூடு படுத்துக் கிடந்தது. ஸ்பீக்கரில் கிளையண்ட் ஆள், டேக் ஓகேவா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தக் குரல் கேட்டது. முகுந்தன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். அதையும் சொல்ல வேண்டும்.

முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி வராது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

4. "ரொம்பப் பிடிச்சிருக்காம்"

சில வாரம் கழித்து முகுந்தன் என் மேசைக்கு வந்தார்.

"அக்கா, ஒரு ஃபைல் அனுப்பியிருக்கேன். க்ளீன் பண்ணிக் குடுத்துருங்க. கிளையண்டுக்கு அந்த ஃபால் ரொம்பப் பிடிச்சிருக்காம்."

கேமில் தாவல் தப்பினால் ஆள் விழுந்து சாக வேண்டும். அதற்காக முன்பே நிறைய விழுந்து காட்டியிருந்தான் தேவன். எதுவும் அவர்களுக்குத் திருப்தியாக இல்லை. கீழே மெத்தை இருக்கிறது என்று உடம்புக்குத் தெரியும், அதனால் உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொண்டேதான் விழும். அந்தப் பொய் திரையில் தெரிந்துவிடும். இப்போது யாரோ ஃபைல்களைக் கிளறும்போது பொய் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஃபைலைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. முகம் இல்லாவிட்டால் என்ன, அவன் ஓடி வரும் நடை எனக்குத் தெரியாதா?

"இது தேவன் விழுந்தது முகு."

"தெரியும்கா."

"தெரிஞ்சுமா கேக்குறீங்க?"

"அவன் பட்டது பட்டாச்சு. நாம இத அழிச்சா அவன் எந்திரிச்சி நடக்கப் போறானா? இந்த கான்ட்ராக்ட் போச்சுன்னா இங்க இருக்குற அத்தன பேருக்கும் வேல இல்ல. உங்களுக்கும்தான்."

"அவன்கிட்ட கேட்டீங்களா?"

"நீங்களே கேளுங்க" என்றார்.

5. பாடாங் செராய் வீடு

ரப்பர்த் தோட்டத்தை விற்றபோது அங்கே வேலை செய்தவர்களுக்குக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று தேவனுடையது. வாசல்படியில் வீல்சேருக்காகப் பலகை போட்டிருந்தார்கள். தேவன் மனைவி கவிதா கையுறை கிலாங்கில் வேலை செய்கிறாள். ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். நான் லேப்டாப்பை எடுத்ததும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மறைத்துக் காட்டக் கூடாது.

"இத எதுக்குக்கா வீட்டுக்குக் கொண்டாந்தீங்க?" என்றாள் கவிதா. அவள் கோபம் நியாயம்தான்.

"நான் பாக்கணும்" என்றான் தேவன்.

கவிதா உள்ளே போய்விட்டாள். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

நான் ஓடவிட்டேன். எலும்புக்கூடு ஓடி வந்தது, தாவியது.

"நிறுத்துங்க. கொஞ்சம் பின்னாடி. இங்க. வலது காலு தள்ளுது பாருங்க. தோளு பாருங்க. இது சரியான தாவல்தானேக்கா?"

"சரியான தாவல்தான் தேவா."

"என் கவனக்கொறவுன்னு ஆபீஸ்ல பேசிக்கிறாங்களாம். மணி அண்ணன் சொன்னாரு." திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "மிச்சத்தையும் போடுங்க."

போட்டேன். கண்ணை எடுக்காமல் பார்த்தான். எலும்புக்கூடு தரையில் கிடந்தபோது தேவன் ஒரு கையால் தன் தொடையைப் பிடித்துக்கொண்டான். பிடித்தது அவனுக்குத் தெரிந்திருக்காது.

"தாவல எடுத்துக்கச் சொல்லுங்க. நீங்க கைய மட்டும் பலகையப் புடிக்க வச்சிருங்க, உங்களால முடியும்ல? விழுறது வேணாம்."

"சரிப்பா."

"வேலன்னா நான் குடுத்தது அக்கா. தாவுனது நான் குடுத்தது. விழுந்தது நான் குடுக்கல."

6. வெளியே வந்த கேம்

நான் அவன் சொன்னபடி செய்தேன். சின்ன வேலைதான். மணிக்கட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, விரல்களை மடக்கினால், விழப்போகிறவன் பிடித்துக்கொள்வான். அந்த விரல்களைச் செய்துகொண்டிருந்தபோது கண்ணீர் திரையை மறைத்தது. அதை அனுப்பிவிட்டு, விழுந்ததை நான் தொட மாட்டேன், தேவன் சம்மதிக்கவில்லை என்று முகுந்தனிடம் சொன்னேன். அவர் வாதாடவில்லை. வேறொருவரிடம் கொடுத்துச் செய்துகொண்டார். அது தெரிந்த அன்றே வேலையை விட்டுவிட்டேன். கவிதாவோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் மெத்தை விலகிக் கிடந்ததைச் சொன்னேன். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

கேம் வெளியானது. இரண்டுமே அதில் இருந்தன, தாவலும் விழுந்ததும். கடைசியில் ஓடும் பெயர்களில் என் பெயர் இருந்தது. தினக்கூலி ஆள் என்பதால் தேவன் பெயர் இல்லை. நல்ல பார்க்கூர் கேம்கள் என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருந்த வரிசையில் இதுவும் வந்தது. ஓட்டம் சுமார்தான், ஆனால் விழுவது மட்டும் அவ்வளவு நிஜமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு என்ன தெரியும்?

தேவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருநாள் கவிதா போன் செய்தாள். "அக்கா, அவரு அந்த கேம வாங்கிட்டாரு. சாப்பிடக் கூப்பிட்டாலும் வர மாட்டேங்கறாரு."

உடனே காடியை ஓட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். டிவிக்கு முன்னால் வீல்சேரில் இருந்தான். திரையில் அவன் ஆள் கூரைமேல் ஓடிக்கொண்டிருந்தான்.

"ஒரு தடவ விழுந்தேன்கா" என்றான், திரும்பாமலே. "அது நான் விழுந்ததுதான்னு தெரிஞ்சிருச்சு."

நான் உள்ளே வந்து அவன் வீல்சேருக்குப் பின்னால் நின்றேன்.

"அதுக்கப்புறம் விழல. மொத கட்டத்துலேருந்து திரும்ப ஆடுறேன். தப்பப் போவுதுன்னு தெரிஞ்சா அந்தரத்துலயே நிறுத்திட்டு வெளிய வந்துருவேன். ஊர்ல எல்லாரும் விழ வைக்கிறாங்க. நான் விழ வைக்க மாட்டேன்."

கவிதா சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் தாவல் வந்தது. கை பலகையைப் பிடித்தது. அவன் அடுத்த கூரைக்குப் போனான்.

இப்போது அலோர் ஸ்டாரில் சிறிய குழு ஒன்றோடு வேலை செய்கிறேன். ஷூட்டிங் தொடங்கும் முன் அங்கே நான் கேட்பது ஒன்றுதான்: யார் 'நிறுத்து' என்றால் நிற்கும்? முதலாளி சொன்னால்தான் நிற்கும் என்றால் யாரையும் சாரம் ஏற விடமாட்டேன். மெத்தை போடுகிறவர் சொன்னாலும் நிற்க வேண்டும். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவர் சொன்னாலும் நிற்க வேண்டும். அடிபட்ட டேக்கை என்ன செய்வது என்று அடிபட்டவர்தான் சொல்ல வேண்டும். இதை ஒத்துக்கொள்ளாத இடத்தில் நீங்கள் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் வேலை செய்யாதீர்கள்.

புதிதாக வந்த பெண் ஒருத்தி போன மாதம் கேட்டாள்: "அக்கா, கிளையண்ட் பாத்துக்கிட்டு இருக்கப்ப நிறுத்துன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"கோவிச்சுக்குவாங்கமா" என்றேன். "கோவிச்சுக்கட்டும்."