சின்னம்மா என்றே போடுங்கள்

புனிதா அக்கா இறந்துவிட்ட செய்தி வியாழக்கிழமை காலை வாட்ஸ்அப்பில் வந்தது. பழைய அலுவலக நண்பர்கள் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். வேலைக்காகப் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தவள், அடுத்த நிலையத்தில் இறங்கி, கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில் ஏறினேன். சாவு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு குரல் காதில் விழுந்தது. "பாவம், சொந்தமா ஒரு பிள்ளை இல்ல. கார்ட்டூனுக்கு எழுதியே காலம் போச்சு." சொன்னவரை முறைத்துப் பார்த்தேன். சாவு வீட்டில் சண்டை கூடாது என்று அன்று வாயை மூடிக்கொண்டேன். இன்று எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கார்ட்டூனையும் தெரிந்திருக்கும். வெளிநாட்டுப் படங்கள் தொலைக்காட்சியில் வரும்போது திரையின் அடியில் ஓடும் தமிழ் வரிகளை எழுதுவதுதான் எங்கள் வேலை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு துணிக்கடையின் மாடியில் அலுவலகம். அக்கா மூத்தவர், நான் அவருக்கு அடுத்தவள். முப்பத்தெட்டு வயதில், மனைவியை இழந்த ஒருவரை அவர் திருமணம் செய்துகொண்டார். அந்தக் கணவருக்கு முதல் மனைவி வழியில் எட்டு வயதில் தர்ஷினி என்று ஒரு மகள். அக்கா கல்யாண விடுப்பில் இருந்தபோதுதான் அந்தப் படம் எங்களிடம் வந்தது. கையால் வரைந்த, மிகப் பழைய தேவதைக் கதை. தாயில்லாத இளவரசி, அப்பாவின் இரண்டாம் மனைவியாக வந்த ராணி. இளவரசியின் நிழலைத் திருடிப் பெட்டிக்குள் பூட்டி, அவளைப் பனிக்காட்டுக்குத் துரத்துகிறாள் ராணி.

எழுதியது நான். 'மாற்றாந்தாய்' என்று போட்டால் வரி நீண்டுவிடும். கிள்ளானில் எந்தப் பிள்ளைக்கு அந்தச் சொல் புரியும்? எல்லாரும் வீட்டில் சொல்வதுபோல 'சின்னம்மா' என்று படம் முழுக்கப் போட்டேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

படம் ஒளிபரப்பான மறுவாரம் அக்கா என் மேசைக்கு வந்தார். "செல்வி, சின்னம்மான்னு எழுதினது நீயா?" ஆமாம் என்று பெருமையாகச் சொன்னேன். தர்ஷினி அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் பல வாரம் சும்மா இருந்து, ஒரு நாள் தானாகவே "சின்னம்மா" என்று ஆரம்பித்திருக்கிறாள். படத்தைப் பார்த்த பிறகு நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடப் பாரத்தில் கையெழுத்து வேண்டுமென்றால்கூட, பாரத்தை நீட்டிக்கொண்டு பேசாமல் நிற்பாளாம். "பிள்ளை எனக்குன்னு குடுத்த ஒரே வார்த்தை செல்வி. திரும்ப வாங்கிக்கிட்டா" என்றார் அக்கா. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேனேஜரிடம் போய்த் திருத்த வேண்டும் என்றார். "கார்ட்டூன்தானே அக்கா, யாரு லா படிக்கப் போறா?" என்றார் அவர். "படிக்கக் கத்துக்கிட்டு இருக்கிற பிள்ளைங்க படிக்கும். நீங்களும் நானும்தான் படிக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். தன் வேலை முடிந்த நேரங்களில் ஒவ்வொரு வரியாகத் திறந்து, 'சின்னம்மா' இருந்த இடத்திலெல்லாம் 'ராணி' என்று மாற்றினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கெட்டவளுக்குப் பட்டம் போதும். உறவுமுறை எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த வரியைத் திறந்தார்.

ஆண்டிறுதி விடுமுறையில் படம் மறுபடி வந்தது. மதியம், வெளியே நல்ல மழை. பயந்த படத்தைத்தானே பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பார்க்கும். தர்ஷினியும் உட்கார்ந்துவிட்டாள். அக்கா சமையலறையில் நெத்திலி பொரித்துக்கொண்டிருந்தார். ராணி பெட்டியைப் பூட்டுகிற இடம் வந்ததும் ஹாலிலிருந்து ஒரு கத்தல்: "சின்னம்மா! வாங்களேன், பயமா இருக்கு!" அதை எனக்குச் சொல்லும்போது அக்கா சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். "நெத்திலி கரிக்கட்டையாப் போச்சு. போனா போகட்டும்னு பிள்ளை பக்கத்துலயே உட்கார்ந்துட்டேன். அந்த ராணி நல்லா இருக்கணும் லா."

அதற்குப் பிறகு அந்த ராணியின் மேல் யாரையும் கை வைக்க விட மாட்டார். பிள்ளைகள் பயப்படுகிறார்கள், மிரட்டல் வசனத்தைக் கொஞ்சம் மென்மையாக்குங்கள் என்று ஒருமுறை மேலிடத்திலிருந்து சொன்னார்கள். "பயமே இல்லன்னா பிள்ளை எதை ஜெயிக்கும்?" என்று திருப்பி அனுப்பினார். இத்தனை புதுப் படங்கள் இருக்க இந்தக் கிழட்டுப் படம் எதற்கு என்று ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒருவர் கேட்பார். "படம்தான் பழசு. பாக்கிற பிள்ளை புதுசு." இதற்கு மேல் விளக்கம் சொல்ல அவருக்குப் பொறுமை கிடையாது. எனக்கு உண்டு. என் கல்யாண வீடியோவைவிட அந்தப் படத்தை அதிகம் பார்த்தவள் நான். பனி விழும் காட்சியில் பென்சில் கோடு நடுங்குவது தெரியும். இன்றைய படங்களில் தலைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடுகிறது. ஆனால் பயந்துபோய்ப் பக்கத்திலிருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு பிள்ளைக்கு அந்த முடியெல்லாம் வேண்டியதில்லை.

சாவு வீட்டுக்கே திரும்புகிறேன். பத்திரிகைக்கு மரண அறிவிப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். தர்ஷினியின் பெரியப்பா பெரிய மனது பண்ணி, 'எங்கள் அன்பு அம்மா' என்று போட்டிருந்தார். தர்ஷினி இப்போது செமினியில் பெரிய மருந்துக்கடை நடத்துகிறாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். தாளை வாங்கி 'அம்மா' என்ற சொல்லைக் கோடு போட்டு அடித்தாள்.

"சின்னம்மான்னு போடுங்க பெரியப்பா."

"நல்லா இருக்காதுமா. நாலு பேரு ஒரு மாதிரி நினைப்பாங்க."

"எங்கம்மா போட்டோ மேல மாட்டியிருக்கு. அவங்க அம்மா. இவங்க சின்னம்மா. ஒருத்தர் பேரை எடுத்து இன்னொருத்தருக்கு ஏன் குடுக்கணும்? நாலு பேரு கேட்டா என் நம்பரைக் குடுங்க, நான் பேசிக்கிறேன்."

பெரியப்பா அவள் சொன்னபடியே எழுதிப் பேனாவை மூடினார். வாசலில் 'சொந்தப் பிள்ளை இல்ல' என்று பரிதாபப்பட்டவரும் அங்கேதான் நின்றார்.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒரு தயக்கம். அம்மா, அத்தை, சித்தப்பா, அண்ணி என்று எந்த முறைப்பெயரைத் தட்டச்சு செய்யப் போனாலும் கை நின்றுவிடும். எந்த வீட்டில், எந்தப் பிள்ளையின் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வரட்டும் என்று யார் காத்திருக்கிறார்களோ என்று யோசிப்பேன். இப்போது வேலையை மெஷின் பாதி செய்கிறது. நான்தான் தாமதப்படுத்துகிறேனாம்.

ஆமாம், தாமதப்படுத்துகிறேன்.