சாட்டைக்கு நீட்டிய சங்கிலி

எங்கள் நாய்க்குச் சாட்டை என்று பெயர் வைத்தது அக்கா. கையில் பிடித்துக் கொளுத்தினால் சடசடவென்று பொறி விடுமே, அந்தச் சாட்டை. ஆனைக்குட்டத்தில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போனபோது அணைக்கரையில் யாரோ விட்டுப்போயிருந்த குட்டியை மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தாள். அதன் வால் ஒரு நிமிஷம் சும்மா இருக்கவில்லை. அதனால் அந்தப் பெயர். வெடியின் பெயரைச் சுமந்துகொண்டு, வெடிச் சத்தம் கேட்டாலே நடுங்குகிற நாயாக அது வளரும் என்று அவள் எதிர்பார்த்திருக்க முடியாது.

அது பெரிய நாயாகிவிட்டபோது நான் நான்காம் வகுப்பு. அக்கா பன்னிரண்டாவது எழுதி முடித்திருந்தாள். எங்கள் வீடு நாரணாபுரத்தில். கொல்லைக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தைத் தாண்டினால் பொட்டல், பொட்டலுக்கு அந்தப்பக்கம் அம்மா வேலை பார்த்த பட்டாசு ஆலை, எங்கள் பேச்சில் வெடியாபீஸ். தினமும் நாலு மணி வாக்கில் அங்கே சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். முதல் சத்தம் கேட்டதும் சாட்டைக்கு உடம்பெல்லாம் உதறும். பயம் வந்தால் அது அம்மாவைத் தேடித்தான் ஓடும். அம்மா இருந்ததோ சத்தம் வருகிற இடத்தில். ஆகவே எங்கள் நாய் எதற்குப் பயந்ததோ அதை நோக்கியே தலைதெறிக்க ஓடியது.

ஒருநாள் அது காயப்போட்டிருந்த வெடிகளுக்கு நடுவே புகுந்து ஓடிவிட்டது. அன்று சாயங்காலமே போர்மேன் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

"ஏம்மா, மருந்து காயிற எடத்துல நாயி ஓடுது. ஒண்ணு உரசிக்கிட்டா அங்கன எத்தனை உசுரு இருக்குன்னு ஒனக்குத் தெரியாதா?"

"கட்டுப்படுத்தி வச்சுக்கிடுதோம் அண்ணாச்சி" என்றாள் அம்மா. அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

அப்பா ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிற மிஷினில் இருந்தார். கொல்லையைச் சுற்றி முதலில் கருவேல முள் வைத்து அடைத்தார். சாட்டை காதைக் கிழித்துக்கொண்டு வெளியே போனது. பிறகு அச்சகத்தில் ஓடித் தேய்ந்த அலுமினியத் தகடுகளைக் கொண்டுவந்து வேலியாக அடித்தார். லட்சுமியும் முருகனும் மங்கலாகத் தெரிந்த அந்தக் காலண்டர்த் தகடுகளுக்கு அடியில் சாட்டை இரண்டே நாளில் பள்ளம் பறித்தது. பள்ளத்தில் கல்லைப் புதைத்தால் மேலே தாவியது. கடைசியில் ஞாயிற்றுக்கிழமைகளாகப் பார்த்து, ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி, சந்துப் பக்கம் என் தலை உயரத்துக்குச் சுவர் வைத்தார். துவைக்கிற கல்லின்மேல் ஏறி அதையும் தாண்டியது. துவைக்கிற கல்லை உருட்டி இந்தப்பக்கம் போட்டோம். வெறுந்தரையிலிருந்தே எவ்விச் சுவரைப் பிடித்து, பின்னங்காலால் உதைத்து ஏறப் பழகிக்கொண்டது. சுவர் வைத்தது அதற்குப் பயிற்சி கொடுக்கத்தானோ என்று தோன்றும்.

மறுபடியும் போர்மேன் வந்தார். இந்தமுறை சத்தம் போடவில்லை. இன்னொரு தடவை நாய் உள்ளே வந்தால் அம்மா வேலைக்கு வர வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"நம்மளால ஆகாதுங்க" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி. "மல்லாங்கிணறு பக்கம் எங்கிட்டாவது கொண்டுபோயி விட்டுட்டு வந்துருங்க."

அக்கா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அப்பா அவளையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "பொறுங்க. கட்டிப்போட்டுப் பாப்போம்" என்றார். நாயைக் கட்டுவது அவருக்குப் பிடிக்காத காரியம்.

மறுநாள் பழைய இரும்புக்கடையில் துருப்பிடித்த ஒரு சங்கிலி வாங்கி வந்தார். வேப்பமரத்திலிருந்து சுவர் வரைக்கும் காலால் அடி வைத்து அளந்தார். பிறகு சங்கிலியை மரத்தில் கூடுதலாக இரண்டு சுற்று சுற்றிக் கொக்கி மாட்டினார். காகிதத்தை அளந்து வெட்டுகிறவர் எல்லாவற்றையும் அளப்பார் என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர்ச் சட்டிக்கு எட்டியது, சுவருக்கு எட்டவில்லை. நாலு நாள் சாம்பிள் நேரத்தில் சாட்டை மரத்தைச் சுற்றிச் சுற்றி ஊளையிட்டது. ஆனால் வெளியே போகவில்லை. அம்மா நிம்மதியாக வேலைக்குப் போய்வந்தாள்.

ஐந்தாம் நாள், மே மாத வெயில். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட்டார்கள், அக்கா தையல் வகுப்புக்கு. மூன்று மணிக்குக் கொல்லைக் கதவைத் திறந்தேன். மரத்து நிழல் கிழக்கே நகர்ந்து வீட்டின்மேல் ஏறிவிட்டிருந்தது. சாட்டை சுடுமண்ணில் காலை மாற்றி மாற்றி வைத்து இளைத்துக்கொண்டிருந்தது. சுவரடியில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு நிழல் விழுந்திருந்தது. அதற்குப் போகத்தான் சங்கிலியை இழுத்துப் பார்த்தது. நான் மரத்திலிருந்த இரண்டு சுற்றையும் பிரித்துவிட்டேன். சாட்டை நேராகப் போய் நிழலில் படுத்து, என் கையை நக்கியது. ஒரு நல்ல காரியம் செய்த பெருமையோடு பக்கத்து வீட்டுக்கு டிவி பார்க்கப் போனேன்.

நாலு மணிச் சாம்பிள் வெடித்து ஓய்ந்த பிறகு, அக்கா அலறிய சத்தம்தான் என்னை வெளியே இழுத்தது. சந்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். சங்கிலி சுவரைத் தாண்டும் அளவுக்கு இருந்தது. அந்தப்பக்கம் தரையைத் தொடும் அளவுக்கு இல்லை. யாரோ தூக்கி இறக்கி வைத்திருந்தார்கள். அக்கா அதன் தலையை மடியில் போட்டுக்கொண்டு தேய்த்துத் தேய்த்துவிட்டாள். அதற்கு உயிர் இல்லை.

போன் போட்டதும் அப்பா வந்தார். சாட்டையைப் பார்த்தார். சுவரைச் சுற்றிக் கொல்லைக்குள் போய் மரத்தில் மிச்சமிருந்த சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார். கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். என் கை முழுக்கச் சங்கிலித் துரு. அதைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே நின்றேன்.

அக்கா உள்ளே வந்து கத்தினாள். "யாரு இதை இம்புட்டு நீளமா விட்டது? சொல்லுங்கப்பா, யாரு விட்டது?"

அப்பா எனக்கும் அக்காவுக்கும் நடுவே வந்து நின்றார்.

"நாந்தாம்மா" என்றார். "மத்தியானம் ஒரு எட்டு வீட்டுக்கு வந்தேன். வெயில்ல கெடந்து தவிச்சுச்சு. நாந்தான் நீட்டிவிட்டேன்."

அக்கா அவரையே முறைத்துப் பார்த்தாள். "கொன்னுட்டீகளேப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தக் கோடை முழுக்க அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கையால் எடுத்து வைத்த தட்டில் சாப்பிடவும் இல்லை. அப்பா தானே கொல்லையில் குழி வெட்டி, தானே மூடினார். யாரையும் கூப்பிடவில்லை.

எனக்கு முதலில் குழப்பமாகத்தான் இருந்தது. அன்று அப்பா தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்திருந்தேன். ஆனால் அப்பா எதற்குப் பொய் சொல்லப் போகிறார்? மத்தியானம் நான் தூங்கியபோது வந்திருப்பார். எனக்கு முன்னாலேயே ஏதோ ஒரு சுற்றைப் பிரித்திருப்பார். அப்படியென்றால் நான் செய்ததால் எதுவும் ஆகிவிடவில்லை. இப்படி யோசித்து முடித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அதன் பிறகு அப்பாமேல் எனக்கும் கோபம் வந்தது. அக்காவோடு சேர்ந்துகொண்டு, நானும் இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை.