மரமும் பந்து அறைச் சாவியும்

தனக்கே காரணம் புரியாத வெற்றியை ஒருவர் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாமா? பேருந்துப் பணிமனைக் கால்பந்து அணிக்குப் பல வருடம் கோச்சாக இருந்தவரின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் எழுப்பிக்கொண்டே இருந்தது. அதற்குப் பதில் தேடி மண்டையைக் குழப்பிக்கொண்டவர் அவர் இல்லை, அவருடைய மைத்துனன்.

ஆடிய காலத்தில் கோச்சுக்குக் கிடைத்த பட்டப்பெயர் மரம். பகலில் பணிமனையின் பிரேக் பிரிவில் வேலை, மாலையில் அணியின் தடுப்பாட்டக்காரர். ஓட்டம் சுத்தமாக வராது. காலுக்குப் பந்து வந்தால் பக்கத்தில் இருப்பவனிடம் தள்ளிவிட்டுத்தான் மூச்சு விடுவார். கம்பி வேலிக்கு வெளியே நிற்பவர்கள், "பிரேக்ல இருந்து காலை எடுப்பா" என்று கத்துவார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். ஆனால் எதிரணிக்காரன் அடிக்கிற பந்து எங்கே போய்ச் சேருமோ அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார். தற்செயல் என்றார்கள். வருடக்கணக்கில் தொடரும் ஒன்றைத் தற்செயல் என்று சொல்லலாமா என்று யாரும் யோசிக்கவில்லை.

மைத்துனன், அதாவது மரத்தின் மனைவியுடைய தம்பி, நேரெதிர். அதே அணியில் வலது ஓரத்தில் ஆடினான். பந்து அவன் காலில் பசை போட்டது போல ஒட்டிக்கொள்ளும். முழங்கால் பழுதாகி அவன் ஆட்டத்தை விட்ட வருடமே பழைய கோச்சும் ஓய்வு பெற்றார். அடுத்தவன் தான்தான் என்று மைத்துனன் நினைத்தான். ஊரும் அப்படித்தான் நினைத்தது. பணிமனை மேலாளரோ மரத்தைப் பிடித்துப் போட்டார். காரணம் கேட்டதற்கு, "அவர் ஒருத்தர்தான் தினமும் சொன்ன நேரத்துக்கு வர்றாரு" என்றார். மைத்துனனுக்கு உதவிக் கோச் பதவியும் பந்து அறையின் சாவியும் கிடைத்தன.

முதல் நாள் பயிற்சி நேரத்தில் அந்தச் சாவியோடு அவன் பல் வைத்தியரிடம் போய் உட்கார்ந்துவிட்டான். வீங்கிய கன்னத்தோடு அவன் ஓடி வந்தபோது மைதானத்தில் இரண்டு அணியும் மும்முரமாக ஆடிக்கொண்டிருந்தன. பந்து மட்டும் இல்லை. மரம் விசிலை ஊதினார்.

"அவன் காலைத் தட்டிட்ட. ஃபவுல்."

"கோச், நான் பந்தைத்தான் தட்டினேன்" என்றான் கோல்கீப்பர்.

"பந்து அப்பவே போயிடுச்சு. நீ லேட்டு."

கோல்கீப்பர் தலையைச் சொறிந்துகொண்டு ஒப்புக்கொண்டான். வேலிக்கு வெளியே இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மைத்துனனுக்கு வலியிலும் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் அவன் கண்ணுக்கு வெறும் புழுதிதான் தெரிந்தது.

அந்த வருடம் பணிமனை அணி லீக்கை வென்றது. ஒரு பத்திரிகைக்காரர் வந்து உங்கள் பயிற்சிமுறையின் அடிப்படை என்ன என்று கேட்டார். "சாவி இல்ல" என்றார் மரம். நடந்ததை நடந்தபடி சொன்னார், அவ்வளவுதான். அது ஒரு பெரிய தத்துவமாக அச்சில் வந்தது. அதன் பிறகு பந்தில்லாத பயிற்சி வாரம் ஒரு நாள் என்று ஆனது. கோப்பைகள் வந்தன. வெளி அணிகளின் கோச்சுகள் குறிப்பெடுக்க வந்து, தங்கள் ஊரில் முயன்று பார்த்துத் தோற்றார்கள்.

"குழாயை எந்தப் பக்கம் திருகினா தண்ணி நிக்கும்னு தெரியாது. இவருக்குப் பேரு மேதை" என்பாள் மரத்தின் மனைவி, மைத்துனனின் அக்கா.

மரம் ஓய்வு பெற்றபோது மேலாளர் மைத்துனனைக் கூப்பிட்டார். கோச் பதவி அவனுக்குத்தான், ஆனால் ஒரு சீசனுக்கு மட்டும். அணி சறுக்கினால் வெளியாள் ஒருவர் தயாராக இருக்கிறார். இத்தனை வருடம் காத்திருந்தது கைக்கு வந்து வழுக்கப் பார்த்தது. அவன் நேராக அக்கா வீட்டுக்குப் போனான். மரம் சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பந்து இல்லாம ஆடுறப்போ நீங்க எதைப் பாக்குறீங்க?"

"பந்தைத்தான்."

"பந்துதான் இல்லையே."

"அதான் மாப்ள எனக்கும் புரியல."

"விளையாடாதீங்க மாமா. இந்த சீசன் போச்சுன்னா என்னைத் தூக்கிருவாங்க."

"நீ ஆடுன காலத்துல எதைப் பாத்த?"

"பந்தைத்தான்."

"அப்ப ரெண்டு பேரும் ஒண்ணைத்தான் பாத்திருக்கோம். அந்தப் பூண்டை இப்படித் தள்ளு."

இவரிடம் ரகசியம் ஒன்றும் இல்லை, அல்லது இருக்கிறது, சொல்லத் தெரியவில்லை, அல்லது சொல்ல மனமில்லை. வழியெல்லாம் மாற்றி மாற்றி யோசித்து எதிலும் நிற்க முடியாமல், கடைசியில் மைத்துனன் ஒரு முடிவுக்கு வந்தான். தன் வழியிலேயே போவது. முதல் நாளிலிருந்தே பந்தோடு பயிற்சி. எல்லாப் பந்துக்கும் தானே காற்றடித்து அடுக்கிவைத்து, அறையைப் பூட்டி, சாவியை உடைமாற்றும் அறையின் ஆணியில் மாட்டினான்.

மறுநாள் மாலை ஆணி மட்டும் இருந்தது. மத்தியானம் பழைய ஷூவை எடுக்க மரம் வந்துபோனதாகக் காவலாளி சொன்னார். மைத்துனன் அக்கா வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தான்.

"ஏதோ ஒரு சாவியை மேசை மேல வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. அப்புறம் சட்டைப் பையில போட்டுக்கிட்டு நடக்கப் போயிட்டாரு" என்றாள் அக்கா.

"தெரிஞ்சேதான் எடுத்தாரா?"

"அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு கூடவே இருக்கிற எனக்கே பிடிபடல. நீ வந்து என்னைக் கேக்குறியே தம்பி."

திரும்பி வந்தபோது ஆட்டக்காரர்கள் பந்து அறை வாசலில் நின்றார்கள். கோல்கீப்பர் கையில் ஒரு கல் இருந்தது.

"சரின்னு சொல்லுங்க கோச். ஒரே போடு, பூட்டு கழண்டுரும்."

கெடுக்கப் பார்க்கிறாரா? கேலி செய்கிறாரா? உதவி என்று நினைத்துச் செய்தாரா? ஷூவோடு சேர்த்துக் கைமறதியாக எடுத்ததா? மைத்துனன் கல்லையும் பூட்டையும் பார்த்தான்.

"கல்லைக் கீழ போடு. இப்படியே ஆடுங்க."

ஆடினார்கள். கண்ணை இடுக்கிப் பார்த்தான். பந்து தெரியவில்லை. பார்க்கப் பந்து இல்லாத கண், என்ன செய்வது என்று தெரியாமல் ஆட்களின் மேல் அலைந்தது. ஒருவனுடைய தோள் திரும்புவதை, இன்னொருவன் அதற்கு முன்பே ஓடத் தொடங்குவதை, நடுவில் ஒரு பெரிய வெற்றிடம் திறப்பதைக் கண்டான். இத்தனை காலம் அதே மைதானத்தில் ஓடியும் இவை அவன் கண்ணில் பட்டதில்லை. எப்போது ஊதினான் என்று தெரியவில்லை, விசில் ஒலித்துவிட்டிருந்தது.

"என்ன கோச்?"

"கோல்" என்றான், தனக்கே நம்பிக்கையில்லாமல்.

ஒருவரும் மறுக்கவில்லை. கோல்கீப்பர் வலைக்குள் போய்க் குனிந்து, இல்லாத பந்தை எடுத்து நடுக்கோட்டுக்கு எறிந்தான்.

அப்போதுதான் வேலிக்கு வெளியே, அந்தக் காலத்தில் மரத்தைப் பார்த்துக் கத்திய கூட்டம் நிற்கிற இடத்தில், மரமே நிற்பதை மைத்துனன் கவனித்தான். போய்க் கம்பிக்கு நடுவே கையை நீட்டினான்.

"மாமா, சாவி."

மரம் சட்டைப் பையை வெளிப்பக்கமாக ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு நடையைத் தொடர்ந்தார்.

அணி அந்த வருடம் இரண்டாவதாக வந்தது. மைத்துனனின் பதவி தப்பியது. பந்து அறைக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டார்கள். பழைய சாவியை மரம் கடைசிவரை திருப்பித் தரவும் இல்லை, எதற்காக எடுத்தார் என்று சொல்லவும் இல்லை.