கூரைக்குப் போன மீட்டர்

என் வீட்டுக்காரர் ஒரு சலவைக்கூடத்தில் விறகு உலையைப் பார்த்துக்கொள்கிறார். அங்கேதான் நானும் இஸ்திரி போடுகிறேன். உலையிலிருந்து கிளம்பும் இரும்புப் புகைக்குழாயில் சூட்டை அளக்கும் மீட்டர் ஒன்று காந்தத்தால் ஒட்டியிருக்கும். அரை மணிக்கொரு தடவை அதைப் பார்த்து நோட்டில் எழுதுவார். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் என் முகத்தை ஒருநாளாவது அப்படி உற்றுப் பார்த்திருப்பாரா!

புகை இருநூறு டிகிரியில் போகவேண்டுமாம். குளிர்ந்தால் குழாய்க்குள் கரிப்பிசின் படிந்து அடைத்துக்கொள்ளுமாம், ஒருநாள் தீயும் பிடிக்குமாம். சாப்பிடும்போதுகூட இதே பேச்சு என்பதால் எனக்கே மனப்பாடம்.

இந்த நிம்மதிக்கு வேட்டு வைக்க முதலாளியின் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். மூன்றாம் நாளே மீட்டரைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்.

"யோவ், இருநூறா? நம்ம விறகுச் சூடெல்லாம் வானத்துக்குப் போகுதேய்யா! நூறுக்குள்ள வையி. இல்லேன்னா திங்கக்கிழமை வேற ஆளு வருவான்."

இவர் பிசின் புராணத்தை ஆரம்பித்தார். மாப்பிள்ளை காதில் வாங்கவே இல்லை. வீட்டுக்கு வந்து இவர் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்திரண்டு வயதில் இந்த வேலையும் போனால் யார் கூப்பிட்டுச் சேர்ப்பார்கள்? பயம் வந்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான்.

"உலையை ஏங்க தொடுறீங்க? மீட்டரைக் கொஞ்சம் மேல தள்ளி ஒட்டுங்க. அங்க சூடு கம்மியாத்தானே இருக்கும்?"

"அது ஏமாத்து வேலைடி."

"சும்மா வீட்டுல உக்கார்றதுக்கு அது எவ்வளவோ தேவலாம்!"

தள்ளி ஒட்டினார். நூற்றைம்பது. இன்னும் மேலே. நூற்றிருபது. கடைசியில் மீட்டர் தகரக் கூரைக்கு மேலேயே போய்த் தொண்ணூறில் நின்றது. அரை மணிக்கொரு தடவை மனுஷன் வெளிப்பக்க ஏணியில் ஏறி இறங்கினார். முட்டி வீங்கிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மாப்பிள்ளையோ நோட்டில் தொண்ணூறைப் பார்த்துப் பூரித்துப்போய், மாமனாரைக் கையோடு அழைத்துவந்தார்.

"பாருங்க மாமா, பாதிக்கும் கீழ கொண்டுவந்துட்டேன்!"

"மீட்டர் எங்கப்பா?" என்றார் முதலாளி.

இவருக்குப் பொய் வராது. "கூரை மேலங்க முதலாளி."

"இன்னையோட உன் வேலை காலி!" என்று கத்திய மாப்பிள்ளை, மீட்டரைப் பிடுங்கி வருவதற்குத் தானே ஏணியில் ஏறினார். உச்சிக்குப் போனதும் கீழே குனிந்து பார்த்தார். அவ்வளவுதான். கூரை விளிம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

இவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனேன்.

"அண்ணே! போயிடாதீங்கண்ணே! என்னை எறக்கி விடுங்க!"

அன்றைக்கு 'யோவ்', இப்போது 'அண்ணே'! இவர் கேட்டருகே நின்று திரும்பினார்.

"வேலை இருக்கா, இல்லையா?"

"இருக்குண்ணே!"

"மீட்டர் எங்க இருக்கணும்?"

"நீங்க சொல்ற எடத்துல!"

முதலாளி சிரிப்பை அடக்க முடியாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டார். இவர் தூக்கை என் கையில் கொடுத்துவிட்டு, வீங்கிய முட்டியோடு மெதுவாக ஏறத் தொடங்கினார். இந்த மனுஷன் பேரம் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.